குப்புறப் படுக்க வைத்த ஐம்பது வருஷம்

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் கனமானது. பச்சைக் குழந்தைகளின் மரணம் பற்றியது. வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கேட்பவர்கள், மனசு தாங்காது என்றால் தாராளமாக அடுத்த எபிசோடுக்குப் போய்விடுங்கள். ஆனால் ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்: குழந்தையைத் தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். ராத்திரிக்கு மட்டும் இல்ல, பகல் தூக்கத்துக்கும்தான். அந்த ஒரு வரி எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதுதான் மீதிக் கதை.

டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் என்று ஓர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர். 1946ல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுக்க 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற புத்தகம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரண்டு தலைமுறை அம்மாக்களுக்கு அதுதான் வீட்டுப் பாட்டி. 1950களின் இரண்டாம் பாதியில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்று அவர் எழுதினார். இரண்டு காரணம் சொன்னார். மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தை வாந்தி எடுத்தால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது, தலையை ஒரே பக்கம் திருப்பியபடி கிடந்து மண்டை ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

கேட்கும்போது நியாயமாகத்தானே இருக்கிறது? அதுதான் பிரச்சினையே. அறிவுக்குப் பொருத்தமாக இருந்ததால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போக வேண்டும் என்றால் அது மேல் நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். இந்த உடற்கூறு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. மருத்துவக் கல்லூரி முதல் வருஷத்துப் பாடம்.

இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஏனென்றால் தூக்கத்தில் குழந்தை இறப்பது ஸ்பாக் காலத்துப் புதுச் சங்கதி இல்லை. பைபிளில் சாலமோன் ராஜாவிடம் இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடும் கதை தெரியுமில்லையா? அதில் இறந்துபோன குழந்தை, ராத்திரி அம்மா அதன்மேல் புரண்டு படுத்ததால் இறந்தது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் இந்த மரணங்களுக்கு அதுதான் விளக்கம்: அம்மா புரண்டு படுத்தாள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் இதற்கென்றே ஒரு மரச் சட்டம் இருந்தது. குழந்தைக்கு மேல் கூண்டு மாதிரி நிற்கும், பால் கொடுப்பதற்கு ஒரு பக்கம் வெட்டிவிட்டிருக்கும். செவிலித்தாய்கள் அதைப் பயன்படுத்தாவிட்டால் திருச்சபையிலிருந்தே விலக்கிவிடுவார்கள் என்று லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1732ல் ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

1892ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போலீஸ் மருத்துவர் சார்லஸ் டெம்பிள்மேன் 258 குழந்தை மரணங்களைத் தொகுத்து எழுதினார். சனிக்கிழமை ராத்திரிகளில் அதிகம் என்று கவனித்தார். சம்பள நாள், சாராயம், ஒரே கட்டிலில் நாலைந்து பேர். ஆக, பழி அம்மாமேல். 1908ல் பிரிட்டனில் குடித்துவிட்டுப் படுத்து குழந்தை மூச்சுமுட்டி இறந்தால் அது குற்றம் என்று சட்டமே வந்தது.

அப்போ வசதியான வீட்டில், தனித் தொட்டிலில் இறக்கும் குழந்தைகள்? அதற்கு மருத்துவர்கள் வேறு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி வீங்கி மூச்சுக்குழலை அழுத்துகிறது என்றார்கள். இறந்த குழந்தைகளை அறுத்துப் பார்த்தபோது தைமஸ் பெரிதாக இருந்ததாம். எதை வைத்துப் பெரிது என்றார்கள்? அதுவரை அவர்கள் அறுத்துப் பழகியது பெரும்பாலும் ஏழைகளின், நாள்பட்ட நோயில் இறந்தவர்களின் உடல்களை. நோயிலும் பட்டினியிலும் தைமஸ் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவை இயல்பு என்று எடுத்துக்கொண்டதால், திடீரென்று இறந்த ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் வீக்கமாகத் தெரிந்தது. விளைவு, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளுக்குத் தைமஸைச் சுருக்க எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அதில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் வந்தது. நான் வேலை பார்ப்பது டேட்டாவோடு. ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை அளவே கோணலாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போ 1944க்கு வருவோம். ஸ்பாக்கின் புத்தகம் வருவதற்கும் 2 வருஷம் முன்னால். நியூயார்க்கில் ஹெரால்டு ஆப்ராம்சன் என்ற மருத்துவர், அந்த நகரத்தில் மூச்சுமுட்டி இறந்ததாகப் பதிவான குழந்தைகளின் கோப்புகளை எடுத்துப் பார்த்தார். எப்படிக் கிடந்தன என்று பதிவு செய்யப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலானவை குப்புறக் கிடந்தன. கண்காணிக்க ஆள் இல்லாமல் குழந்தையைக் குப்புறப் போடாதீர்கள் என்று எழுதினார். அவ்வளவுதான், விடை கையில் வந்துவிட்டது.

அடுத்த வருஷமே, 1945ல், பால் வுல்லி என்ற இன்னொரு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். குழந்தைகளின் முகத்தைப் போர்வையால் மூடிப் பார்த்தார், முகத்தைக் கீழே வைத்துப் பார்த்தார். குழந்தைகள் சமாளித்துக்கொண்டன, திரும்பி மூச்சு விட்டன. ஆகவே மூச்சுமுட்டிச் சாவது என்பதே பெரும்பாலும் கட்டுக்கதை என்ற முடிவுக்கு வந்தார். அவர் பார்த்தது விழித்திருக்கும், விரல்விட்டு எண்ணக்கூடிய சில குழந்தைகளை. ஆயிரத்தில் ஓரிரு குழந்தைக்கு நடக்கும் விஷயத்தை அப்படிப் பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரை ஒரு நல்ல காரியமும் செய்தது என்பதை மறக்கக் கூடாது. பல நூற்றாண்டுகளாக அம்மாக்கள் தலையில் இருந்த கொலைப்பழியை அது இறக்கி வைத்தது. அந்த ஆறுதல்தான் அதை ஏற்றுக்கொள்ள வைத்தது என்று நான் நினைக்கிறேன். பழியை இறக்கியபோது, ஆப்ராம்சன் கண்டதும் கூடவே இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் ஸ்பாக் வந்தார். அவரோடு இன்னொன்றும் சேர்ந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வளர்ந்த காலம் அது. நுரையீரல் முழுசாக வளராத குழந்தையைக் குப்புறப் போட்டால் ஆக்சிஜன் அளவு கூடும். இது உண்மை, இன்றைக்கும் அங்கே அப்படிச் செய்கிறார்கள். அங்கே உடம்பில் மானிட்டர் இருக்கும், பக்கத்தில் நர்ஸ் இருப்பார். அதைப் பார்த்துவிட்டு, நிறைமாதத்தில் பிறந்து வீட்டுக்குப் போகும் குழந்தைக்கும் இதுவே நல்லது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படிப் படுக்க வைக்கிறாரோ, அம்மாவும் வீட்டில் அப்படியே செய்வார். இன்னொரு கவர்ச்சியும் இருந்தது: குப்புறப் படுத்த குழந்தை நன்றாகத் தூங்கும். அதிக நேரம், ஆழமாக. லேசில் விழிக்காது. பெற்றோருக்கு வரப்பிரசாதமாகத் தெரிந்த அந்த ஆழ்ந்த தூக்கம்தான் ஆபத்தே. மெத்தையில் முகம் புதைந்து, விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும்போது, விழித்துத் தலையைத் திருப்ப வேண்டிய குழந்தை விழிப்பதில்லை.

1969ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு மாநாடு. விளக்கம் கிடைக்காத இந்த மரணங்களுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: திடீர் சிசு மரண நோய்க்குறி. சுருக்கமாக சிட்ஸ். பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியாத மரணம் என்பதுதான் வரையறை. பெயர் வந்ததால் ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது, பெற்றோர் மீதான சந்தேகமும் குறைந்தது. ஆனால் பணம் போன திசை வேறு. 1972ல் ஆல்பிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற மருத்துவர், இது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, குடும்பத்தில் வழிவழியாக வரலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முக்கிய ஆதாரம், ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளை இழந்த ஒரு குடும்பம். அந்தக் கட்டுரையை நம்பி வீட்டில் மாட்டும் மூச்சு மானிட்டர்கள் ஒரு பெரிய வியாபாரமே ஆயின. 20 வருஷத்துக்கு மேல் கழித்து, அந்தக் குடும்பத்தின் தாய் வனீட்டா ஹாய்ட் தன் 5 குழந்தைகளையும் கொன்றதாக 1995ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது ஒரு தனி எபிசோடுக்கான கதை. இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: எல்லாரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த 20 வருஷமும் யாரும் படுக்கையைப் பார்க்கவில்லை.

யாரும் என்று சொல்வது தப்பு. ஒருவர் பார்த்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சூசன் பீல் என்ற குழந்தை மருத்துவர், 1970களிலிருந்து, குழந்தை இறந்த வீடுகளுக்கு நேரில் போனார். 500க்கும் மேற்பட்ட வீடுகள். தொட்டில் எப்படி இருந்தது, எப்படிப் படுத்திருந்தது, எந்தப் போர்வை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். குழந்தை இறந்த வீட்டு வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்க. 1986ல், குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

அதே சமயத்தில் வேறு வேறு ஊர்களிலிருந்து துண்டு துண்டாகச் செய்தி வர ஆரம்பித்தது. 1985ல் ஹாங்காங்கிலிருந்து டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார்: இங்கே தொட்டில் மரணம் அபூர்வமாக இருக்கிறதே, ஏன்? ஜனநெருக்கடி, சின்னச் சின்ன வீடுகள், எல்லாம் இருந்தும் குறைவு. அங்கே சீனக் குடும்பங்கள் வழக்கமாகக் குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்கும். 1989ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு, அங்கே குடியேறிய இந்திய, வங்கதேச அம்மாக்களின் குழந்தைகளுக்கு இந்த மரணம் குறைவு என்று காட்டியது. ஏழ்மை அதிகம் இருந்த சமூகங்களில் மரணம் குறைவு என்பது எல்லாருக்கும் விசித்திரமாக இருந்தது.

நமக்கு அவ்வளவு விசித்திரம் இல்லை. நம்ம வீடுகளில் குழந்தை முதல்முறை குப்புற விழுவதே ஒரு விசேஷம். "குப்புத்துக்கிச்சா?" என்று ஊரிலிருந்து அத்தை போன் பண்ணிக் கேட்பார். சில வீடுகளில் அன்றைக்குக் கொழுக்கட்டை. அப்படியென்றால் அதுவரை குழந்தை மல்லாக்கக் கிடந்தது என்றுதானே அர்த்தம்? உடனே, நம் முன்னோர் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். தூளி பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நெதர்லாந்துக் கதைதான் எனக்கு மிகத் தெளிவாகப் படுவது. அங்கே 1970களின் தொடக்கத்தில்தான் குப்புறப் படுக்க வைக்கும் வழக்கமே வெளியிலிருந்து வந்தது. வந்தபின் தொட்டில் மரணம் ஏறிக்கொண்டே போனது. 1987ல் ஹுஸ் டி யோங்கே என்ற மருத்துவர், இதை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். ஜனங்கள் நிறுத்தினார்கள். மரணம் சட்டென்று இறங்கியது. ஒரு பழக்கம் வந்தபோது ஏறி, போனபோது இறங்கிய கோடு. இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் மருத்துவ உலகத்துக்கு ஒப்பிட்டுக் காட்டும் ஆய்வு வேண்டியிருந்தது. அதை நியூசிலாந்து செய்தது. வளர்ந்த நாடுகளிலேயே அங்கேதான் நிலைமை மோசம், 1000 பிறப்புக்கு 4 மரணத்தை ஒட்டி. எட் மிட்செல் குழு 1987 முதல் 1990 வரை, இறந்த 485 குழந்தைகளின் வீடுகளையும் உயிரோடிருந்த 1800 குழந்தைகளின் வீடுகளையும் ஒரே கேள்விகளோடு ஒப்பிட்டது. குப்புறப் படுத்தல், அம்மா புகைபிடித்தல், தாய்ப்பால் இல்லாமை ஆகிய மூன்றும் தனித்துத் தெரிந்தன. முழு முடிவும் அச்சாகும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1991லேயே பிரசாரத்தில் இறங்கினார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பீட்டர் பிளெமிங் குழு செய்த ஆய்வு 1990ல் வெளியானது. குப்புறப் படுத்த குழந்தைக்கு ஆபத்து கிட்டத்தட்ட 9 மடங்கு. கனமாகப் போர்த்திச் சூடேற்றினால் அது இன்னும் கூடும்.

இவ்வளவு தெரிந்தும் பிரிட்டன் அரசு தேசிய அளவில் எதுவும் சொல்லவில்லை. 1991 ஜூலையில் ஆன் டயமண்ட் என்ற பிரபல டிவி தொகுப்பாளரின் 4 மாதக் குழந்தை தூக்கத்தில் இறந்தது. நியூசிலாந்தில் மரணம் பாதியாகக் குறைந்துகொண்டிருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் அவருக்குத் தெரியவந்தது. எங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவர் கேட்ட கேள்வியை அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. தானே விளம்பரத்தில் தோன்றினார். 1991 டிசம்பரில் பிரசாரம் தொடங்கியது. 1992ல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் தொட்டில் மரண எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. புது மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை. திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992ல் ஆலோசனையை மாற்றியது. அப்போ அங்கே 70% குழந்தைகள் குப்புறத்தான் தூங்கிக்கொண்டிருந்தன. 1994ல் தேசியப் பிரசாரம். பத்து வருஷத்துக்குள் அங்கேயும் சிட்ஸ் பாதிக்குக் கீழே போனது. முதலில் ஒருக்களித்தும் படுக்க வைக்கலாம் என்றார்கள். ஒருக்களித்த குழந்தை குப்புறச் சரிந்துவிடுகிறது என்று தெரிந்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள். எல்லாரும் பயந்த மாதிரி வாந்தி அடைத்து இறப்பது கூடவில்லை. மண்டையின் பின்பக்கம் தட்டையாவது மட்டும் கொஞ்சம் கூடியது. அதற்கு, குழந்தை விழித்திருக்கும்போது ஆள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள் என்கிறார்கள்.

ஒரு டேட்டா எச்சரிக்கை. 1990களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் சிட்ஸ் என்று எழுதிவந்த சில மரணங்களை மூச்சுமுட்டல் விபத்து என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆகவே அதற்குப் பிந்தைய சிட்ஸ் சரிவை மட்டும் தனியாகப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. எல்லாத் தலைப்புகளையும் கூட்டிப் பார்த்தால் கோடு பெரும்பாலும் படுத்துவிட்டது.

இனி கணக்குக்கு வரலாம். 2005ல் ரூத் கில்பர்ட் குழு, 1940 முதல் வந்த ஆய்வுகளையும் பாடப்புத்தகங்களையும் வரிசையாக அடுக்கி, எந்த வருஷத்தில் எவ்வளவு தெரிந்திருந்தது என்று பார்த்தது. 1970லேயே, அதுவரை வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்திருந்தால் குப்புறப் படுத்தால் ஆபத்து சுமார் 3 மடங்கு என்று தெரிந்திருக்கும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000 குழந்தைகளுக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான இயன் சால்மர்ஸ், தன் இளமையில் ஸ்பாக்கைப் படித்துவிட்டு அதே ஆலோசனையைத் தானும் மற்றவர்களுக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார். ஆய்வுகளைக் கூட்டிப் பார் என்று அவர் ஏன் வாழ்நாள் முழுக்கக் கத்தினார் என்று அதைப் படித்தால் புரியும்.

ஏன் சில குழந்தைகள் மட்டும் என்ற கேள்வி இன்னும் முழுசாக அடங்கவில்லை. பாஸ்டனில் ஹன்னா கின்னி குழு, இறந்த குழந்தைகளின் மூளைத்தண்டில் செரட்டோனின் அமைப்பு குறைபாடாக இருந்ததை 2006ல் காட்டியது. விழித்துக்கொள்ளும் அலாரம் பலவீனமான குழந்தைகள் இருக்கலாம் என்பது பொருள். யாருக்கு அலாரம் பலவீனம் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை கிடையாது. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் ஒரே ஆலோசனை: மல்லாக்க, தட்டையான கெட்டியான படுக்கை, தலையணையோ பொம்மையோ வேண்டாம், பெற்றோர் அறையிலேயே ஆனால் தனி இடம், வீட்டில் புகை கூடாது.

தூளிக்கு வருகிறேன். 2019ல் அமெரிக்காவில் பிஷர் பிரைஸ் நிறுவனத்தின் சாய்வுப் படுக்கை, சுமார் 47 லட்சம் எண்ணிக்கை, திரும்பப் பெறப்பட்டது. அதில் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தன. 2022ல் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளை அங்கே சட்டமே தடை செய்தது. சாய்வில் தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் அழுந்தினால், பச்சைக் குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழல் மடங்கிவிடும். சேலைத் தூளியும் வளைவதுதான். அழும் குழந்தையைத் தூளியில் ஆட்டித் தூங்க வைத்த அனுபவம் நம் எல்லா வீட்டிலும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் சில மாதங்களில், தூங்கியபின் எடுத்துத் தட்டையான இடத்தில் மல்லாக்க விடுவது நல்லது என்பது என் கருத்து. உங்கள் குழந்தை மருத்துவரிடமும் கேளுங்கள்.

அம்மம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். நியூசிலாந்திலும் அதே கேள்வி வந்தது. 1991க்குப் பிறகு மற்றவர்களுக்குக் குறைந்த அளவுக்கு மாவோரிக் குழந்தைகளுக்கு மரணம் குறையவில்லை. அங்கே குழந்தையைப் பெற்றோர் தங்களோடு படுக்க வைப்பது பண்பாடு. பக்கத்தில் படுக்க வைக்காதே என்ற பிரசாரத்தை அவர்கள் கேட்கவில்லை. டேவிட் டிபெனே லீச் என்ற மாவோரி மருத்துவரும் நெசவுக் கலைஞர்களும் சேர்ந்து, உள்ளூர் நாரில் பின்னிய வஹகுரா என்ற கூடையைக் கொண்டுவந்தார்கள். குழந்தை அப்பா அம்மா நடுவில் அதே கட்டிலில் இருக்கும், ஆனால் தன் கூடைக்குள், மல்லாக்க. 2011ல் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்களுக்கு அதே யோசனையில் பிளாஸ்டிக் பெட்டிகளைக் கொடுத்தார்கள். கூடை பின்னத் தெரிந்த பாட்டிகள் இப்போ அதைப் பின்னிக் கொடுக்கிறார்கள்.

இந்த எபிசோடு இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் வழக்கம்போல எழுதி அனுப்புங்கள்.